விடுதியில் விட்டு வந்த நாய்க்குக் கழிச்சலா? நாளை எண்ணுங்கள்

தோட்டத்து வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வாரம் வெளியூர் போக வேண்டும் என்றால், முதல் கவலை நாயை யாரிடம் விடுவது என்பதுதான். மாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீர் காட்டுவார், தீவனம் போடுவார். பால் கறக்கவும் ஆள் கிடைக்கும். நாய் அப்படியில்லை. பழகாத ஆளைக் கிட்டே விடாது. விட்டாலும் அவர் வைக்கும் சோற்றைத் தொடாது. ஒரே ஆள் கையில் வளர்ந்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இதில் பிடிவாதம் கூடியவை. முன்பெல்லாம் இதற்காகவே வீட்டில் ஒருவர் தங்கிவிடுவார். இப்போது நகரங்களை ஒட்டி நாய்களைத் தங்கவைக்கும் விடுதிகள் வந்துவிட்டதால், நாள் வாடகை கொடுத்து விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

திரும்பி வந்து அழைத்துப் போகும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் ஒரு குண்டான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வைத்த சோற்றையும் அள்ளி விழுங்கும். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வாந்தி. மறுநாள் காலையில் கழிச்சல். வீட்டுக்காரர் சந்தேகப்படுவது விடுதிக்காரரைத்தான்: கெட்டுப்போனதைப் போட்டிருப்பார் என்று. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இப்படி வரும் கழிச்சலில் பெரும்பகுதி 2, 3 நாளில் தானே அடங்கிவிடுவது. மீதியில் சில, கவனிக்காவிட்டால் 3 நாளில் நாயைக் கொன்றுவிடும். இரண்டையும் முதல் நாளே பிரித்துப் பார்க்க, நாயை விட்ட தேதியும் அழைத்து வந்த தேதியும் பெரிய உதவி. அதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

இடமும் தீவனமும் மாறினால்

விடுதியில் இருக்கும்போதோ, வீடு திரும்பிய முதல் 2, 3 நாளிலோ தொடங்கும் கழிச்சலுக்கு மிகப் பொதுவான காரணம் மன அழுத்தமும் தீவன மாற்றமும்தான். புது இடம், இரவெல்லாம் குரைக்கும் பக்கத்துக் கூண்டு நாய்கள், எசமானரைக் காணாத தவிப்பு. இவை குடலின் அசைவைக் கூட்டிவிடும். அதோடு, பழைய சோறும் மோரும் கருவாட்டுக் குழம்பு மீதமும் தின்று வளர்ந்த நாய்க்கு அங்கே பாக்கெட்டில் வரும் உலர் தீவனம் வைக்கிறார்கள். கறவை மாட்டுக்கு அடர்தீவனம் மாற்றும்போது ஒரே நாளில் யாரும் மாற்றுவதில்லை. பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதில் கால் பங்கைச் சேர்த்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவகாசம் வேண்டும் என்பது தெரியும். நாயின் குடலுக்கும் அதே கணக்குதான். நாய் என்று வரும்போது மட்டும் நமக்கு அது மறந்துவிடுகிறது.

இந்த வகைக் கழிச்சலுக்கு ஒரு அடையாளம் உண்டு. நாய் அடிக்கடி முக்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். சாணம் கூழ்போல, வழவழவென்று சளி கலந்து இருக்கும். கடைசியில் ஒரு சொட்டு புது ரத்தம்கூடத் தெரியலாம். இது பெருங்குடல் எரிச்சல். நாய் சுறுசுறுப்பாக இருந்து, சோற்றைக் கண்டதும் எழுந்து வந்தால் பதற வேண்டியதில்லை. மாறாக, ஒவ்வொரு தடவையும் நிறையத் தண்ணீராகப் போனாலோ, தார்போலக் கருப்பாக இருந்தாலோ சிக்கல் சிறுகுடலிலோ அதற்கு மேலோ இருக்கிறது. அப்போது உடம்பில் நீர்ச்சத்து வேகமாகக் குறையும்.

ஒட்டிக்கொண்டு வருபவை

பல வீட்டு நாய்கள் ஒரே முற்றத்தில் சாணமிட்டு, ஒரே வாய்க்கால் ஓரம் முகர்ந்து திரியும் இடத்தில் நோய் கைமாறுவது எளிது. ஆனால் கிருமி உள்ளே போன அன்றே நோய் தெரியாது. இங்கேதான் நாள் கணக்கு உதவுகிறது.

பார்வோ வைரஸ் உள்ளே போனால் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் நோய் வெளிப்படும். சிலவற்றுக்கு 2 வாரம்வரை ஆகலாம். அதனால் விடுதியில் நன்றாக இருந்த நாய், வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சுருண்டு படுக்கும். முதலில் சோறு வேண்டாம் என்கும், பிறகு ஓயாத வாந்தி, அடுத்து மூக்கைப் பிடிக்கவைக்கும் நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். 1978-ல் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் தலைகாட்டிய நோய் இது. குட்டிகளைத்தான் அதிகம் அடிக்கிறது என்றாலும், தடுப்பூசி போடாத பெரிய நாய்களையும் விடுவதில்லை. இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றி, வாந்தியை அடக்கி, மற்ற கிருமிகள் ரத்தத்தில் நுழையாமல் பார்த்துக்கொண்டால் நாய் தானே மீண்டு வரும். முதல் நாளே கொண்டுபோனவர்களின் நாய்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. சூடு வைத்தும், கோவில் திருநீறு பூசியும் 2 நாளைக் கடத்தியவர்கள் பெரும்பாலும் இழக்கிறார்கள்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, வெளுத்த நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு, விட்டுவிட்டு வரும் கழிச்சலுக்கு ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். 2 நாள் சரியாகும், மறுபடி வரும். நாய் தின்னும், ஆனால் இளைக்கும். இது எல்லாச் சாணத்திலும் தெரியாது. அதனால் ஒரு முறை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்த 3 மாதிரிகளைப் பரிசோதிப்பது நல்லது. கொக்கிப் புழு என்றால் 2, 3 வாரம் கழித்துத்தான் தெரியும். சாணம் கருக்கும், ஈறு வெளுக்கும்.

கழிச்சலோடு கண்ணும் ஈறும் மஞ்சளானால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். நெல் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். எலியின் மூத்திரத்தில் வரும் அதே கிருமிதான். நாயின் மூத்திரம் வழியாக வீட்டாருக்கும் தொற்றும் என்பதால், அந்த நாயைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். சிறுநீர் காபித் தண்ணீர் நிறத்தில் போய், காய்ச்சலும் இருந்தால் விடுதியில் ஏறிய உண்ணி கொடுத்த காய்ச்சலாக இருக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

6 மாதத்துக்கு உட்பட்ட குட்டி, தடுப்பூசி போடாத நாய், சினை நாய், வயதான நாய் என்றால் கழிச்சல் கண்ட அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விட வேண்டும். மற்ற நாய்களில், குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்காமல் வாந்தி வருவது, ரத்தம் அதிகமாகப் போவது, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது ஆகியவை அவசரம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து 103-க்கு மேல் போனால் கிளம்பிவிட வேண்டும். 100-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் மோசம்.

நீர்ச்சத்து குறைந்ததை அறிய ஈறைப் பார்க்க வேண்டும். நல்ல ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரும். வராவிட்டாலும், விரல் ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தாலும் நீர் ஏற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள்.

மருத்துவமனைக்குப் போகும்போது, சுத்தமான சிறு டப்பாவில் ஒரு தேக்கரண்டி அளவு அன்றைய சாணத்தை எடுத்துப் போவது பாதி வேலையை முடிக்கும். தடுப்பூசி அட்டையும் கூடவே போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது, கூடாதது

சுறுசுறுப்பாக இருக்கும் பெரிய நாய்க்கு ஒரு வேளை சோற்றை நிறுத்தலாம். குட்டிக்கு நிறுத்தக் கூடாது. தண்ணீரை எந்த நாய்க்கும் நிறுத்தக் கூடாது. ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, 20 கிலோ நாய் என்றால் அரை மணிக்கு ஒரு தடவை 30 முதல் 50 மில்லி கொடுத்து வரலாம்.

பிறகு குழைய வேகவைத்த சாதம் 2 பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 1 பங்கு. எண்ணெய், மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் பிசைந்து, நாளுக்கு 4, 5 தடவை சிறு உருண்டையாக வைக்கலாம். வேகவைத்த பரங்கிக்காய் 2 கரண்டி சேர்த்தால் சளிக் கழிச்சலுக்கு நல்லது. பால் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு நல்ல நாளிலேயே பால் செரிக்காது. சாணம் இறுகிய பிறகு 4, 5 நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திருப்ப வேண்டும்.

கூடாதது என்று பார்த்தால், நல்லெண்ணத்தில் செய்வதுதான் அதிகம். மாட்டுக் கழிச்சலுக்கு அரைத்துக் கொடுக்கும் மூலிகைக் கலவையில் சின்ன வெங்காயமும் பூண்டும் சேரும். மாட்டுக்குப் பலன் தரும் அந்தக் கலவை நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மனிதருக்கு வாங்கிய பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழிச்சலைச் சட்டென நிறுத்தும் லோபரமைட், வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே நிறுத்திவிடும். மெட்ரோனிடசோல் அளவு கூடினால் நாய் தள்ளாடும், கண்விழி ஆடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிவைத்த ஐவர்மெக்டினை ஊசியில் ஏற்றி நாய்க்குப் போடுவது இன்னும் அபாயம். கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் அது உயிருக்கே உலை வைக்கும். ஜியார்டியாவையும் பார்வோவையும் அது ஒன்றும் செய்யாது. ஜியார்டியாவுக்கு மருத்துவர் எழுதும் ஃபென்பெண்டசோலை 3 முதல் 5 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு நாளோடு நிறுத்தினால் திரும்ப வரும்.

வாசலும் தொழுவமும்

மருந்து கொடுத்தும் நோய் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வாசலில்தான் கிடக்கிறது. ஜியார்டியாவின் முட்டை போன்ற உறைகள் நாயின் பின்புற ரோமத்தில் ஒட்டியிருக்கும். நாய் நக்கினால் மறுபடி உள்ளே போய்விடும். மருந்து முடிகிற அன்று நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி உலர்த்த வேண்டும். சாணத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் புதைக்க வேண்டும். படுக்கும் சாக்கை வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். இந்த ஒட்டுண்ணிக்கு ஈரம் சாதகம், காய்ச்சல் பாதகம்.

பார்வோவுக்கு வெறும் பினாயிலை நம்ப முடியாது. சிமெண்ட் தரையை முதலில் தேய்த்துக் கழுவி, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிளீச் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. மண்ணில் இந்த வைரஸ் பல மாதங்கள் இருக்கும் என்பதால், நோய் வந்து போன தோட்டத்தில் ஒரு வருடத்துக்கு, தடுப்பூசி முழுதும் முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

நாய்ச் சாணம் வைக்கோல் போரிலும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் விழுவதைப் பலர் பெரிதாக எடுப்பதில்லை. நாயின் சாணத்தில் வரும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி, மாடுகளில் சினை கலைவதற்கு ஒரு காரணம். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போனால், மூளையில் நீர்க்கட்டி உண்டாகி ஆடு ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அறுத்த ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்கு வீசுவதுதான் இந்தச் சங்கிலியின் மறுமுனை. வேகவைத்துப் போட்டால் சங்கிலி அறுந்துவிடும். கொக்கிப் புழுவின் இளம்புழு, வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளின் தோலில் ஊர்ந்து அரிப்பைக் கொடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த முறை விடுவதற்கு முன்

காவலுக்கு வளர்க்கும் தோட்டத்து நாயை விடுதியில் விடாமல் இருப்பதே முதல் யோசனை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கையால் வாரம் 2, 3 வேளை சோறு வைக்கப் பழக்கினால், அவரே வந்து பார்த்துக்கொள்ளலாம். வழியில்லை என்றால், விடுவதற்கு 2, 3 வாரம் முன்பே தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். அதன் பிறகு வருடம் தவறாமல். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அந்தக் கூட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். குடற்புழு நீக்கம் 3 மாதத்துக்கு ஒரு முறை.

விடுதியை நேரில் போய்ப் பார்க்காமல் விடக் கூடாது. தடுப்பூசி அட்டையைக் கேட்காத விடுதியில் மற்ற நாய்களின் அட்டையும் கேட்கப்பட்டிருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். சாணத்தை எத்தனை மணிக்கு ஒரு தடவை அள்ளுகிறார்கள், கழிவுநீர் ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டு வழியாக ஓடுகிறதா, நோயுற்ற நாயைத் தனியே வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வீட்டுச் சாப்பாட்டையே சமைத்துப் போடச் சம்மதித்தால் அரிசியைக் கொடுத்துவிட்டு வரலாம். உலர் தீவனம்தான் என்றால், அதே தீவனத்தை ஒரு வாரம் பத்து நாள் முன்பே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். அழைத்து வரும் அன்று, மூச்சிரைப்பு அடங்கிய பிறகு தண்ணீரைச் சிறுகச் சிறுக வைத்து, சோற்றை வழக்கத்தில் பாதி அளவாக வைத்தால் முதல் நாள் வாந்தி பெரும்பாலும் வராது. அன்றிலிருந்து 2 வாரத்துக்கு, நாயின் சாணத்தைத் தினமும் ஒரு தடவை பார்த்துவிட்டு அள்ள வேண்டும்.