கூலி நின்ற வீட்டின் கணக்கு



தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்று சொல்வது வழக்கம். முழு நாள் வேலைக்கு முழுப் பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழாத நாள் கூலியற்ற நாளாகும். ஆயின், இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டத்து வருமானம் மட்டும் ஆதாரமன்று. தாய் கொழுந்து பறிக்கிறாள். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் கொழும்பில் கடைகள் அடைபட்டபோது, இவ்வாறு சென்ற இளைஞர் பலர் வேலையிழந்து லயங்களுக்கே திரும்பினர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியோ உணவின் விலையை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காக்கிற்று. இத்தகைய வேளையில் குடும்பத்தின் வரவு செலவை எங்ஙனம் நடத்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வேலை போனவுடன் முதலிற் செய்ய வேண்டியது கடன் தேடுவதன்று. நமக்கு வரவேண்டியதைக் கணக்கிடுவதாகும். உழைத்தவர் பெயரில் மூன்று வகைப் பணம் இருக்கக்கூடும்.

முதலாவது, சேவைக்காலப் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு சேவை நிறைந்தவருக்கு இஃது உரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். நாட்கூலி பெறுவோருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்கூலி. சேவை முடிந்து முப்பது நாட்களுக்குள் முதலாளி இதனைச் செலுத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம். முதலாளி தம் கையிலிருந்தே சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் இதிற் செலுத்துகிறார். வேலையை விட்டு நின்றவர் இதனை மீளப் பெறலாம். ஆனால் ஒரு முறை பெற்றபின், மறுமுறை பெற ஐந்தாண்டு செல்லும்.

மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்நிதிக்குத் தொழிலாளி எட்டு வீதமும் முதலாளி பன்னிரண்டு வீதமும் செலுத்துகின்றனர். பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே இது கைக்கு வரும். வேலை போயிற்று என்பது மட்டும் இதனைப் பெறப் போதிய காரணமாகாது. ஆகவே, 'உடனே எடுத்துத் தருகிறேன்' என்று கூலி கேட்கும் தரகரை நம்புதல் ஆகாது. நம் பெயரில் பணம் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தொழில் அலுவலகத்திற் கேட்டறிவதே தக்கது. அங்கே செல்கையில் அடையாள அட்டையும், அங்கத்துவ இலக்கமும், சம்பளச் சீட்டுகளும் கையிலிருத்தல் நன்று.

நியாயமின்றி வேலையினின்று நீக்கப்பட்டதாகக் கருதுவோர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குரிய காலம் ஆறு மாதம். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நாளைக் கடத்தினால் உரிமை காலாவதியாகிவிடும்.

இனி, வந்த பணத்தை என்ன செய்வது? இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஓர் உதாரணம் கொள்வோம். மாதம் 40,000 ரூபா பெற்ற மகன் ஆறாண்டு வேலை பார்த்து, வீட்டுக்கு மாதந்தோறும் 20,000 ரூபா அனுப்பிவந்தான். கடை மூடப்பட்டது. அவனுக்குக் கிடைக்கும் பணிக்கொடை 120,000 ரூபா. ஒருசேரக் காண்கையில் இது பெருந்தொகையாய்த் தோன்றும். மஞ்சள் நீராட்டு விழாவை விமரிசையாய் நடத்தலாம், முச்சக்கரவண்டிக்கு முற்பணம் கட்டலாம் என்றெல்லாம் மனம் ஓடும். ஆனால் இதனை ரூபாவாக எண்ணாது மாதமாக எண்ணிப் பாருங்கள். மாதம் 20,000 வீதம் செலவிட்டால் இஃது ஆறு மாதம் வரும். வீட்டார் கூடிப் பேசி மாதச் செலவில் 5,000 ரூபாவைக் குறைத்தால் எட்டு மாதம் வரும். குறைத்த ஐயாயிரம், வேறு வேலை தேட இரண்டு மாத அவகாசத்தை வாங்கித் தந்துவிட்டது.

கூடிப் பேசி என்றேன். குடும்பத் தலைவர் தம் வேலை போனதை வீட்டாரிடம் மறைத்து, பழைய தோரணையிலேயே செலவு செய்வது மானம் காக்கும் வழியன்று. உண்மை தெரிந்த வீட்டில் சிறுவரும் தம் ஆசையைச் சுருக்கிக்கொள்வர். ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, அரிசி, மா, மண்ணெண்ணெய், மின்சாரம், மருந்து, பஸ் கட்டணம் என ஒவ்வொன்றாய் எழுதுங்கள். எழுதிய பின்னரே எதைக் குறைக்கலாம் என்பது புலப்படும். லயத்தருகே கையகல நிலம் இருப்பினும் போஞ்சியும் கீரையும் நட்டுக் கறிச்செலவைக் குறைக்கலாம். வருமானம் நின்ற குடும்பம் அரசின் அஸ்வெசும உதவிக்குத் தகுதி பெறுமா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்தலும் நன்று.

கடனைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 20,000 ரூபா வாங்கினால், மாத வட்டி 2,000 ரூபா. பத்து மாதத்தில் வட்டி மட்டுமே வாங்கிய தொகையை எட்டிவிடும்; முதல் அப்படியே நிற்கும். ஒரு வாரக்கடனை அடைக்க மற்றொரு வாரக்கடன் வாங்குவதோ தீயை நெய்யால் அணைப்பது போன்றது. நகை இருந்து, வேறு வழியும் இல்லையெனில், வங்கியின் அடகுப் பகுதியில் வட்டியைக் கேட்டறிந்து, மீட்கும் நாளைக் குறித்துக்கொண்டு வையுங்கள். கடைக்காரரிடம் பற்று இருப்பின், நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். மறைந்து திரிவதால் நம்பிக்கையே குன்றும்.

கடன் மனிதனை என்ன செய்யும் என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்தனர். கங்காணி கொடுத்த முற்பணம் கடனாகி நின்றது. 'துண்டு' என்னும் சீட்டிலே அக்கடன் எழுதப்பட்டது. அதனை யாரேனும் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் அறுத்த அந்தக் கட்டை நாமே மீண்டும் நம் கையிற் கட்டிக்கொள்ளலாகாது.

இறுதியாக, ஒரு பாடசாலை அதிபர் என்னும் முறையில் ஒன்று கூற விழைகின்றேன். வீட்டில் வேலை போனால், அதன் அடையாளம் சில வாரங்களில் எங்கள் வரவுப் பதிவேட்டிலே தெரியும். பிள்ளை முதலில் திங்கட்கிழமை வராது; பிறகு வாரம் இரண்டு நாள் வராது; பின்னர் கொழும்பில் ஒரு வீட்டிலோ கடையிலோ நிற்கிறது என்று செய்தி வரும். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு இலவசமாகவே தருகின்றது. கொப்பி, சப்பாத்து, பயணச் செலவு ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடாயின், வகுப்பாசிரியரிடம் வந்து சொல்லுங்கள். சொன்னால் வழி காணலாம். பதினாறு வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டத்திற்கும் மாறானது. அப்பிள்ளை கொணரும் சிறு தொகை இவ்வாண்டின் பற்றாக்குறையை ஓரளவு நிரப்பலாம். ஆனால் படிப்பை இழந்த அப்பிள்ளை பின்னாளில் வேலையிழந்தால், தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டுப் பெறும் அறிவும் அதனிடம் இராது. செலவுக் கொப்பியில் எந்த வரியையும் அடியுங்கள். பிள்ளையின் படிப்பு என்னும் வரியை மட்டும் அடியாதீர்கள்.