விண்மீன் ஒளியும் கணனிக் கருவியும்

வான சாஸ்திரி என்றவுடன், தொலைகாட்டியின் முன்னே இராமுழுதும் கண்விழித்திருக்கும் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். இன்றோ அவர் பெரும்பாலும் கணனியின் முன்னேயே அமர்ந்திருக்கின்றார். தொலைகாட்டிகள் ஈட்டித்தரும் அளவீடுகளை ஆராய்தற்கு, ஆராய்வோர் தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளத்தக்க மென்பொருள்கள் பல எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய ‘லைட்கேர்வ்’ என்பதனை ஈண்டு நோக்குவோம்.

நாசா நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்திய கெப்ளர் தொலைகாட்டி, முதல் நான்காண்டுகளில் ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களின் ஒளியை அளந்தது, 2018இல் ஓய்வுபெற்றது. ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னாகக் கடக்கும்போது அவ்விண்மீனின் ஒளி சிறிது குன்றும். ஞாயிறு போன்ற விண்மீனை வியாழனையொத்த கோள் கடப்பின் நூற்றில் ஒரு பங்கு குன்றும். பூமியையொத்த கோளாயின் ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கே குன்றும். அச்சிறு குறைவைக் கண்டறிய உதவுவதே இம்மென்பொருள்.

இதனைக் கையாள்வோர் ‘பைதன்’ என்னும் கணனி மொழியிற் சில வரிகள் எழுதுதல் வேண்டும். விண்மீனின் படம் சிறுசிறு சதுரங்களாலாயது. அவற்றுள் எவற்றின் ஒளியைக் கூட்டுவதென்பதை அவரே தெரிவுசெய்யலாம். அளவிறந்த சதுரங்களைச் சேர்ப்பின், அயல் விண்மீனின் ஒளியுங் கலந்து, கோள் உள்ளதினும் சிறிதாகத் தோன்றும். அடுத்து, விண்மீனின் மேற்பரப்பிலுள்ள புள்ளிகளாலும் தொலைகாட்டியின் அசைவாலும் நேரும் மெல்லிய ஏற்றவிறக்கங்களை மட்டஞ்செய்தல் வேண்டும். எத்தனை மணி நேரப் பகுதியை அளவாகக்கொண்டு மட்டஞ்செய்வதென்பதும் அவர் விருப்பமே.

ஈண்டே இடர் உளது. பூமியையொத்த கோள் ஞாயிறு போன்ற விண்மீனைக் கடந்துசெல்ல ஏறத்தாழ 13 மணி நேரமாகும். அதனினுங் குறுகிய பகுதியை அளவாகக் கொள்வோமாயின், ஏற்றவிறக்கங்களோடு அக்கோளின் அடையாளமும் அழிந்துவிடக்கூடும். கணனியோ பிழையென்று உரையாது. நேரான கோட்டையே வரைந்து காட்டும். கோள் ஒன்று இருந்தும் இல்லையெனவே நாம் முடிவுகட்டுவோம்.

ஆதலின், மாற்றியமைக்கும் உரிமை பெற்றோர்க்கு ஒரு கடமையும் உண்டு. ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பிக்கும் அறிஞர், தாம் கொண்ட பாடத்தோடு தள்ளிய பாடங்களையுங் குறித்துவைப்பர்; பின்வருவோர் ஒப்புநோக்கித் தெளிதற்கு அஃது உதவும். அவ்வாறே இவரும் தாம் எழுதிய வரிகளை ஒளிவுமறைவின்றி வெளியிடல் வேண்டும். பிறர் அவற்றை மீள இயக்கி, அளவுகளை மாற்றி, முடிவு நிலைக்கின்றதா எனச் சோதித்தல் கூடும்.

இம்மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது; கெப்ளரின் அளவீடுகளும் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டுள்ளன. கணனியும் இணைய வசதியும் வாய்க்கப்பெற்ற நம் மாணாக்கர், பெரிய ஆய்வுகூடங்களிலுள்ளோர் கையாளும் அதே எண்களைத் தாமும் ஆராயலாம். கருவி கைக்கெட்டிவிட்டது. இனி வேண்டுவது பொறுமையும், செய்ததைச் செய்தவாறே எழுதிவைக்கும் நேர்மையுமேயாம்.