வயிற்றில் கட்டி: சோதிக்கும் முன் பெயர் வைக்காதீர்கள்

கம்பளிக்குள் ஒளியும் வயிறு

தில்லியில் தீபாவளி கழிந்ததும் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஸ்வெட்டரும் சால்வையும் ஹோலி வரைக்கும் உடம்பை விட்டு இறங்குவதில்லை. அந்த நாலு மாதத்தில் தன் வயிறு என்ன ஆனது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மார்ச்சில் கம்பளியை வெயிலில் காயவைத்து மடிக்கும்போதுதான் பாவாடை நாடா பழைய முடிச்சுக்கு எட்டவில்லை என்பது தெரிகிறது. கை கால் இளைத்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். "குளிரில் பராட்டாவும் கேரட் அல்வாவும் தின்றால் வேறென்ன ஆகும்?" என்று வீட்டில் சிரிப்பார்கள்.

தொப்பை என்றால் பெரும்பாலும் இடுப்பு, தொடை, முகம் எல்லாவற்றிலும் கொஞ்சம் சேர்த்தே சதை போடும். வாயு என்றால் சாப்பிட்டபின் ஏறி, காலையில் வடிந்திருக்கும். விடிந்தும் வடியாத வயிறும், மற்ற இடமெல்லாம் வற்றும்போது தான் மட்டும் பெருக்கும் வயிறும் வேறு ரகம். குறிப்பாக 50 வயது தாண்டிய பெண்கள் கவனிக்க வேண்டும். வயிறு உப்பல், நாலு வாய் உண்டதும் நிறைந்துபோதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போன்ற தொல்லை புதிதாக வந்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் தலைகாட்டினால் சினைப்பைப் புற்றுநோய்க்குச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி. நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஓமத் தண்ணீரும் ஈனோவும்தான் முதல் மருந்து. மாதக்கணக்கில் அவையே கடைசி மருந்தாகவும் இருந்துவிடுகின்றன.

படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தாரா?

தில்லிப் பக்கத்து வீட்டுக்காரம்மா, நாபி நழுவிவிட்டது என்று சொல்லி 'தரண்' ஏற்றிவிடும் ஆளைக் காட்டுவார். ஊரிலிருந்து போனில் பாட்டி வயிற்றை நீவித் தொக்கம் எடுக்கச் சொல்வார். இரண்டும் வேண்டாம். என்னவென்று தெரியாத புடைப்பை நீவி அமுக்கினால் குடலிறக்கத்தில் சிக்கிய குடல் நசுங்கலாம், சினைப்பை நீர்க்கட்டி உடையலாம். குழந்தையின் வயிற்றில் கட்டி தென்பட்டால் வந்தவர் போனவரெல்லாம் அழுத்திப் பார்க்க விடாதீர்கள். அது சிறுநீரகக் கட்டியானால் உடையும் ஆபத்து உண்டு.

மருத்துவர் தொடுவது வேறு மாதிரி. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, உள்ளங்கையைப் பதித்துத் தேடுவார். தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொல்வார். அப்போது கட்டி எடுப்பாகத் தெரிந்தால் அது வயிற்றுச் சுவரில் இருக்கிறது, மங்கினால் உள்ளே இருக்கிறது. இருமும்போது புடைத்தால் குடலிறக்கம் என்று சந்தேகிப்பார். மூச்சை இழுக்கும்போது கீழே இறங்கி வந்தால் கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருக்கலாம். அடிவயிற்றிலிருந்து எழும்பி, கீழ்விளிம்பு கைக்கு எட்டாவிட்டால் கருப்பை, சினைப்பை, நிரம்பிய சிறுநீர்ப்பை மூன்றையும் நினைப்பார். கடைசியில் விரல்மேல் விரல் வைத்துத் தட்டுவார். விலாப்பக்கம் மந்தமாகக் கேட்கும் ஒலி, புரண்டு படுத்ததும் இடம் மாறினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. எல்லாமே சில நிமிட வேலை. உட்காரவைத்தபடியே வாயு மாத்திரை எழுதித் தந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரிடம் போய்விடலாம்.

காசநோய் போடும் வேஷம்

நீர் கோத்த வயிறு, எடைக்குறைவு, ஸ்கேனில் சினைப்பை அருகே ஒரு திரள், ரத்தத்தில் சிஏ-125 எனும் புரதம் அதிகம். இந்த நாலும் சேர்ந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததுமே குடும்பம் புற்றுநோய் என்று முடிவுகட்டி அழத் தொடங்கிவிடும். ஆனால் இதே நாலும் வயிற்றுக் காசநோயிலும் வரும். இருமலே இல்லாமல், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வரும். சிஏ-125 என்பது கருப்பைத் தசைக்கட்டியிலும், மாதவிடாய் நாட்களிலும்கூட ஏறக்கூடியது. அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிறு இன்னொரு குழப்பமான இடம். அங்கே காசநோய் திரண்டு கட்டியாகும். க்ரோன் நோயும், பெருங்குடல் புற்றுநோயும், குடல்வால் அழற்சியும் அதே இடத்தில்தான் கட்டியாகத் தட்டுப்படும். தீர்த்துச் சொல்ல வேண்டியவை வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த நீரும், கொலோனோஸ்கோபியிலோ லேப்ராஸ்கோபியிலோ எடுத்த திசுவும்தான். ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் சந்தேகக் கட்டியைப் பொதுவாக ஊசியால் குத்துவதில்லை, உடையாமல் முழுதாக எடுப்பார்கள்.

திசு பார்க்காமலே, பார்த்துக்கொள்ளலாம் என்று காசநோய் மாத்திரையை ஆரம்பிக்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. திசு எடுக்கவே முடியாத சிலருக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். மற்றவர்களுக்கு அது சோம்பல் என்பேன். உள்ளே இருப்பது புற்றுநோயானால் அந்த மாதங்கள் திரும்பி வராது. அதேபோலக் காசநோய்க்காரரைப் புற்றுநோய் என்று நினைத்து அறுத்துவைப்பதும் நடக்கிறது. காசநோய் என்று உறுதியானால் வழி எளிது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2015ல் வெளியான ஆய்வு, வயிற்றுக் காசநோய்க்கு 9 மாத சிகிச்சைக்கு 6 மாத சிகிச்சை குறைந்ததல்ல என்று காட்டியது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நிக்‌ஷய் திட்டத்தில் சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும்.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவை

உள்ளே போகாமல் வலிக்கும் புடைப்பு, வாந்தியோடு காற்றும் பிரியாத வயிறு, நீர் கோத்த வயிற்றோடு காய்ச்சல், கருப்பு மலம், ரத்த வாந்தி, முதியவர் வயிற்றில் நாடிபோல் துடிக்கும் கட்டி. இவற்றுக்கு ஓபிடி இல்லை, எமர்ஜென்சிதான்.

தில்லியில் எங்கே?

வெறுங்கையோடு எய்ம்ஸ் வாசலில் போய் நிற்காதீர்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் சிஜிஎச்எஸ் மையம், மற்றவர்களுக்கு அரசு டிஸ்பென்சரி அல்லது பக்கத்து மருத்துவர். அங்கே வயிறு முழுக்க அல்ட்ராசவுண்டும் அடிப்படை ரத்தப் பரிசோதனையும் எழுதி வாங்குங்கள். குழந்தை பெறும் வயதென்றால் முதலில் கர்ப்பச் சோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்தபின் இடம் தானே தெளியும். கல்லீரல் என்றால் வசந்த் குஞ்சில் ஐஎல்பிஎஸ் மருத்துவமனை, புற்றுநோய் சந்தேகமென்றால் எய்ம்ஸ் வளாகத்திலேயே ரோட்டரி புற்றுநோய் மருத்துவமனை அல்லது தில்ஷாத் கார்டனில் தில்லி மாநிலப் புற்றுநோய் நிலையம். 2025 ஏப்ரலில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தில்லியும் சேர்ந்துவிட்டது. தகுதியுள்ள குடும்பத்துக்கு மத்திய அரசின் 5 லட்சத்தோடு தில்லி அரசின் 5 லட்சமும் உண்டு. கார்டை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

இந்தி வராத அம்மாக்களுக்கு மகன்தான் மொழிபெயர்ப்பாளர். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டதையும், மலத்தோடு ரத்தம் போனதையும் அம்மா மகனிடம் சொல்வதில்லை, மகனும் கேட்பதில்லை. மருத்துவருக்குப் போய்ச் சேருவது 'கேஸ் டிரபிள்' மட்டும்தான். மகளோ மருமகளோ பழகிய தமிழ்ப் பெண்ணோ உடன் போகட்டும். அதற்கு வழியில்லையென்றால் எப்போது முதலில் தெரிந்தது, எத்தனை கிலோ குறைந்தது, ரத்தம் எங்கே எப்போது பட்டது என்று ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுத்தனுப்புங்கள். வாரம் ஒருமுறை காலையில் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து எடுத்த சுற்றளவும் அதே தாளில் இருக்கட்டும்.