குட்டிக் கை பிடித்த கொழுக்கட்டை

கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல், டீக்கடைக்குக் கோப்பை, மின்சாரப் பலகைக்கு ஃபியூஸ் கட்டை என்று விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து வந்த சாமான் ஏதாவது ஒன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கும். பக்கத்திலேயே நெய்வேலி, நிலக்கரி எடுக்கத் தோண்டும் இடத்தில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. செராமிக் தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகமே விருத்தாசலத்தில் உண்டு. பிசைந்ததைக் கையில் பிடித்து வடிவாக்கிச் சூட்டில் வைப்பது என்று அந்த ஊர்ப் பட்டறையில் நடக்கிற காரியம் அடுப்படியிலும் நடக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடி கொழுக்கட்டை செய்து பார்த்தால் தெரியும்.

களிமண்ணில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாலே போதும். அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். இடையில் நீர் புகுந்ததும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் விட்டுப் பிரியாது. அதனால்தான் கை கொடுத்த வடிவம் அப்படியே நிற்கிறது. அரிசி மாவில் இப்படித் தகடு கிடையாது. கோதுமையை இழுத்துப் பிடிக்கும் குளூட்டனும் அதில் இல்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஒன்று கரைந்து ஓடும், இல்லையென்றால் உதிர்ந்து கொட்டும்.

கொதிநீர் பட்டதும் கதை மாறுகிறது. மாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் சுமார் 60 டிகிரி முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி ஊதி, இறுக்கம் குலைந்து, பசையாகின்றன. அந்தப் பசைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெல்லம் சேர்ந்தால் இன்னொரு சிக்கல். சர்க்கரை நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஸ்டார்ச்சுக்கு எளிதில் நீர் கிடைக்காது, அது வேக இன்னும் சூடு வேண்டும். வெல்லத்தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மாவைக் கொட்ட வேண்டும் என்று பாட்டிமார் அடம் பிடிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இந்தக் கட்டம் முழுக்கப் பெரியவர் வேலை. கொதிக்கும் பாத்திரம் இருக்கும் பக்கமே பிள்ளை வரக்கூடாது. மாவு கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கி, தேங்காய்த் துருவலும் ஏலக்காய்த் தூளும் சேர்ந்த பிறகுதான் பிள்ளையின் முறை. தேங்காயைப் பல்லுப்பல்லாகக் கீறிப் போடுவது பெரியவர்களுக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைக்கு அது தொண்டையில் அடைக்கும், துருவல்தான் சரி.

இந்த வயதுக்கு ஏன் பிடி கொழுக்கட்டை? பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். அது யோசித்துச் செய்வதல்ல, அனிச்சைச் செயல்; சில மாதங்களில் மறைந்துவிடும். பிறகு வேண்டுமென்றே பற்றும் திறன் வருகிறது. ஒரு வயதை ஒட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொரியைப் பொறுக்குகின்றன. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவது அதைவிடக் கடினம், இரு கையும் வேறு வேறு திசையில் ஒத்துப்போக வேண்டும். மோதகத்துக்குச் சொப்பு பண்ணச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. மாவைக் கையில் வைத்து ஒரு அமுக்கு, அவ்வளவுதான் என்றால், அது அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை.

பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவதற்காக, அதன் மனசு குளிர, நாம் இதைச் செய்கிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அன்பு நம்மிடமிருந்து அதனிடம் போவதாகக் கணக்கு. கணக்கு தலைகீழாக இருக்கலாம் என்கின்றன சில ஆய்வுகள்.

ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், 18 மாதப் பிள்ளைகள் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் துணி மாட்டும் கிளிப்பைத் தவறவிடுகிறார். கை நிறையப் பத்திரிகைகளோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டுகிறார். யாரும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. 24 பிள்ளைகளில் 22 பேர் ஒரு தடவையாவது போய் உதவினார்கள். 2008-இல் அதே இருவர், 20 மாதப் பிள்ளைகளிடம் உதவிக்குப் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். பரிசு வாங்கிப் பழகியவர்கள் அடுத்த கட்டத்தில் குறைவாகவே உதவினார்கள். “மாவு பிடிச்சுக் குடு, செல்போன் தர்றேன்” என்று பேரம் பேசும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்தது 2012-இல் கனடாவில் லாரா அக்னின் குழு செய்தது. இரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் தின்பண்டம் கொடுத்தார்கள். எதிரே ஒரு பொம்மை, தின்பண்டம் கிடைத்தால் ரசித்துச் சாப்பிடுவதுபோல் நடிக்கும். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போட்டார்கள். வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது முகம் மலர்ந்திருந்தது. அதிலும், வேறெங்கோ எடுத்ததை நீட்டும்போது இருந்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்து நீட்டும்போது இன்னும் அதிகம். பங்கெடுத்த பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான்; முகத்தை வைத்து மனதை அளப்பதில் ஓட்டைகள் உண்டு. இருந்தாலும், சப்பிக்கொண்டிருந்த பிஸ்கட்டை எச்சிலோடு நம் வாயில் திணிக்க வரும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது.

யாருக்கு எது பிடிக்கும் என்பதைக்கூட இந்த வயது கற்றுக்கொள்கிறது. 1997-இல் பெட்டி ரெப்பக்கோலி, ஆலிசன் காப்னிக் இருவரும் பிள்ளைகள் முன்னால் பச்சை பிராக்கோலியை ஆசையாகவும் பிஸ்கட்டை முகம் சுளித்தும் தின்று காட்டி, பிறகு கையை நீட்டினார்கள். 14 மாதப் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதப் பிள்ளைகள் பிராக்கோலியை எடுத்துக் கொடுத்தார்கள். நடுவில் நான்கே மாதம்தான். என் நாக்கு வேறு, உன் நாக்கு வேறு என்பது அதற்குள் பிடிபட்டுவிடுகிறது.

ஆக, நம் பங்கு பெரிதாக ஒன்றுமில்லை. மாவு தரையில் சிந்தினால் பதறாமல், கோணலாகப் பிடித்ததை வாங்கி மறுபடி ‘நன்றாக’ப் பிடிக்காமல் இருந்தால் போதும். எனக்குத் தெரிந்து பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

தின்பதற்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு. இரண்டு வயதுக்குள் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். வெல்லத்துக்கும் விலக்கு இல்லை. பிள்ளை அந்த வயதுக்கும் சின்னதாக இருந்தால் வெல்லத்துக்குப் பதில் நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகவைப்பதில் மறுபடி சூளை நினைவுக்கு வருகிறது. களிமண் 500 டிகிரியைத் தாண்டும் வாக்கில், தன் படிகத்துக்குள்ளேயே பிணைந்திருந்த நீரை இழக்கிறது. அதன்பின் எத்தனை குடம் ஊற்றினாலும் அது பிசைகிற மண்ணாகத் திரும்பாது. இட்லிப் பானையில் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும். ஆனால் ஆவி தண்ணீராக மாறும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 540 கலோரி வெப்பத்தை மாவின்மேல் இறக்கிவிடுவதால் வேகம் குறைவதில்லை. மறுநாள் கொழுக்கட்டை கல்லாகிப்போவது, குலைந்த ஸ்டார்ச் இழைகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால். ஆவியில் வைத்தால் திரும்ப இளகிவிடும். பீங்கானுக்கு இல்லாத சலுகை அது.

இன்னொன்று. உள்ளே சூடு போய்ச் சேரும் நேரம் தடிமனோடு மட்டும் கூடுவதில்லை, ஏறத்தாழ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பாதித் தடிமன் இருந்தால் கால்வாசி நேரம் போதும். குட்டிக் கை பிடித்தது மெல்லியது, பெரியவர் பிடித்ததற்கு வெகு முன்னாலேயே வெந்துவிடும். அதனால் பிள்ளை பிடித்ததையெல்லாம் தனித் தட்டில் வைத்து முதலில் இறக்கி, ஆறியதும் அதன் கையிலேயே கொடுத்து, யாருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடு என்று விட்டுவிடலாம்.