மூட்டு நோயும் நாடித் துடிப்பும்

மணிக்கட்டில் விரலை வைத்து உங்கள் நாடியைப் பாருங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. இது கோளாறன்று, நலத்தின் அடையாளம். கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் விறைத்துப்போகும் முடக்குவாத நோயாளிகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் குறைந்து காணப்படுகிறது. மூட்டுக்கும் நாடிக்கும் என்ன தொடர்பு?

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் ஆகியவை நம்மைக் கேட்டு நடப்பவையல்ல. இவற்றை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். இதில் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். எதிர்ப்பரிவு நரம்புகள் பிரேக்கைப் போலத் தணிக்கும். இந்த பிரேக் வேலையைச் செய்வது, மூளையின் அடிப்பகுதியிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது இதன் பிடி தளரும், விடும்போது இறுகும்.

இன்னொரு எடுத்துக்காட்டு பார்ப்போம். படுத்திருப்பவர் எழுந்து நின்றால், புவியீர்ப்பு விசையால் சுமார் அரை லிட்டர் இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. உடனே பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் காக்கின்றன. இது தவறினால் தலை சுற்றும். ஆகவேதான் மருத்துவர்கள் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள்.

முடக்குவாதத்தில், உடலைக் காக்க வேண்டிய நோய்த்தடுப்பு அணுக்களே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகின்றன. அவை சுரக்கும் டி.என்.எஃப். போன்ற பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. வேகஸ் நரம்பு இதயத்தை மட்டுமல்ல, இந்த அழற்சியையும் அடக்குகிறது என்பதை அமெரிக்க அறிஞர் கெவின் டிரேசி 2002இல் விளக்கினார். பிரேக் தளர்ந்தால் நாடியின் ஏற்ற இறக்கம் குறைகிறது. அழற்சி ஓங்கவும் வழி பிறக்கிறது. இதுவே நாம் தேடிய தொடர்பு.

இக்கருத்து சோதிக்கவும்பட்டது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 17 நோயாளிகளின் மார்பில் சிறு மின்கருவியைப் பொருத்தி வேகஸ் நரம்பைத் தூண்டினர். டி.என்.எஃப். உற்பத்தி குறைந்தது; பலருக்கு மூட்டு வலியும் தணிந்தது. தூண்டலை நிறுத்தியதும் நோய் மீண்டும் தலைதூக்கியது. இவ்வகைக் கருவியொன்றை, உயிரியல் மருந்துகள் பயன் தராத நோயாளிகளுக்காக 2025இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

ஆயினும் மருந்தே இன்றும் முதல் சிகிச்சை. அதைத் தாமாக நிறுத்தலாகாது. முடக்குவாத நோயாளிகளுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே உங்கள் வீட்டில் இந்நோயுள்ள ஒருவர், எழுந்தால் தலை சுற்றுகிறது, காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், வயதின் தளர்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். மூட்டு வலியோடு அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.