மின்விசிறி இறக்கையும் மட்டாஞ்சேரி மணிக்கூண்டும்

வில்லியனூர் தேரடிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சபரிமலை போன வேன் திரும்பும் வழியில் கொச்சியையும் சுற்றிக் காட்டியிருக்கிறது. அண்ணன் மகன் போனை நீட்டினான்.

“சித்தப்பா, இந்தக் கடியாரத்துல இன்னா எழுதியிருக்கான்? ஒரு நம்பரும் புரியல.”

மட்டாஞ்சேரி யூதத் தெரு. 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டு. டச்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்த எசக்கியேல் ரஹபி 1760இல் எழுப்பியது. ஒரு முகத்தில் ரோமன் எண், ஒன்றில் மலையாள எண், இன்னொன்றில் எபிரேயம். இவன் படம் பிடித்தது எபிரேய முகத்தை.

“அது எழுத்துதான்டா. எழுத்தே எண். நம்மிலும் உண்டே? பழைய கணக்கில் க போட்டால் ஒன்று, உ போட்டால் இரண்டு, எ ஏழு, அ எட்டு, ய பத்து. அவர்களுக்கு ஆலெஃப் ஒன்று, பேத் இரண்டு, யோத் பத்து. யோதுக்குப் பக்கத்தில் ஆலெஃப் நின்றால் பதினொன்று. வலமிருந்து இடமாகப் படிக்கணும்.”

டீ வந்தது. அவன் எதிர்பார்த்ததைவிட ஆர்வமாகக் கேட்டதால் நானும் விடவில்லை.

பதினைந்தில் ஒரு சிக்கல் வரும். பத்தும் ஐந்தும் சேர்த்தால் யோத், ஹே. அந்த இரண்டும் சேர்ந்தால் கடவுளின் பெயரில் ஒரு பாதி. அதைக் கணக்குக்கு இழுக்கக் கூடாது என்று ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள்: டெத், வாவ். பதினாறுக்கும் அப்படியே, ஒன்பதும் ஏழும். கடவுள் பெயர் எழுதிய தாள் கிழிந்தாலும் குப்பையில் போட மாட்டார்கள். சேர்த்து வைத்துப் புதைப்பார்கள். காகிதத்தை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

“உள்ள போகல சித்தப்பா. டிக்கெட் எடுக்கக் கூட்டம். சாமி சிலை எப்படி இருக்கும்?”

சிலையே கிடையாது. கருவறை மாதிரி ஒரு மரப் பேழை. ஹேகால் என்பார்கள் கொச்சி யூதர்கள். அதற்குள் தோல் சுருளில் கையால் எழுதிய தோரா, அவர்கள் வேதம். சிலை இல்லாத இடத்தில் கண் எங்கே போகும்? எழுத்துக்குத்தான். அதனால் பேழை, திரை, விளக்கு, மகுடம் என்று எதிலும் எழுத்தைப் பொறிப்பது வழக்கம். பல ஊர்களில் பேழைக்கு மேலே ஐந்தே சொல் இருக்கும்: யார் முன்னால் நிற்கிறோம் என்பதை நிற்பவனுக்கு நினைவுபடுத்த. திரையில் இரண்டு சிங்கங்களுக்கு நடுவே கஃப், தாவ் என்று இரண்டே எழுத்து இருந்தால் ‘கேதர் தோரா’, தோராவின் மகுடம். நாம் கி.பி. என்று சுருக்குவதுபோல. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவர்கள் எழுத்துக்கு மேலே சின்னதாக இரண்டு கீறல் போடுவார்கள். இரு பலகையில் பத்து எழுத்து வரிசையாக இருந்தால் பத்துக் கட்டளை. கட்டளையை எழுதாமல் அதன் எண்ணை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

மீதி இருப்பதெல்லாம் உபயம். இன்னாரின் ஆன்மாவுக்காக இன்னார் கொடுத்தது, இந்த ஆண்டில். நம் கோயில் மின்விசிறியில் இறக்கைக்கு ஒரு பெயராக எழுதி வைப்பார்களே, கரண்டு போனால்தான் படிக்க முடியும், அதே சங்கதி. ஒரு வித்தியாசம் எனக்குப் பிடிக்கும். நம்மூரில் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். அங்கே செத்தவர் பெயர் முன்னால் வந்து, கொடுத்தவர் பின்னால் நிற்பதும் உண்டு.

ஆண்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சில சமயம் வேத வாக்கியம் ஒன்றைப் பொறித்து, அதில் சில எழுத்துகளுக்கு மட்டும் தலையில் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி வைத்தவற்றின் எண்ணைக் கூட்டினால் ஆண்டு! வாக்கியம் பொருந்தணும், கூட்டலும் பொருந்தணும். வெண்பாவுக்குத் தளை தட்டாமல் எழுதுகிற வேலைதான். ஆயிரத்தை விட்டுவிடுவதும் உண்டு, நாம் ‘எழுபத்தெட்டுல கல்யாணம்’ என்பதுபோல.

பரதேசி ஆலயச் சுவரில் கொச்சங்காடியின் பழைய ஆலயத்துக் கல் ஒன்று பதித்திருக்கிறது. அதன் ஆண்டு 5105. உலகம் படைத்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. 3760ஐக் கழித்தால் 1345. ஆனால் அவர்கள் புத்தாண்டு நம் புரட்டாசியை ஒட்டிப் பிறப்பதால் முதல் சில மாதம் 1344இல் விழும். அதனால்தான் புத்தகங்களில் 1344 என்றும் 1345 என்றும் மாறி மாறி வருகிறது. யாரும் தப்புச் செய்யவில்லை.

“அப்ப அங்க நம்ம எழுத்து எதுவும் இல்லியா?”

இருக்கிறது, அதுவும் பரதேசி ஆலயத்தின் பெரிய பொக்கிஷமாக. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்து. மொழி, தமிழை விட்டு இன்னும் வெகுதூரம் போகாத பழைய மலையாளம். பகல் விளக்கு, நடைபாவாடை, குடை, தோரணம் என்று 72 உரிமை. தொடக்கம் ‘ஸ்வஸ்திஸ்ரீ’. நம் பாகூரில் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊரைக் கொடுத்தானே பல்லவன் நிருபதுங்கன், அந்தப் பாகூர்ச் செப்பேட்டின் தம்பி மாதிரி.

“அதைப் பாக்காம, வெளிய மீன் வறுவலைத் தின்னுட்டு வந்துட்டேன்.”

“அதுவும் கொச்சிதான்டா.”

கடைக்காரர் கணக்குச் சொன்னார். இவன் குடித்த டீ பதினைந்து ரூபாய். பத்தும் ஐந்துமாக எடுத்த சில்லறையைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டான். தேடி, ஒரு ஐந்து, இரண்டு இரண்டாக நாலு என்று ஒரு குவியல். பக்கத்தில் ஒரு ஐந்து, ஒரு ஒன்று.

“டெத், வாவ். சரியா சித்தப்பா?”