திறவு – மதிப்புச் சரங்களை ஜாவாஸ்கிரிப்ட்டில் பகுத்தல்: தமிழ்த் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

திறவும் மதிப்பும் இணைந்த சரங்களைப் பகுத்து ‘மேப்’ என்னும் தரவமைப்பில் சேர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பிழைச்செய்தி எதுவும் எழாமலேயே தரவு இழக்கப்படும் இடங்கள், தமிழ் நூல்விவரக் குறிப்புகளைச் சான்றாகக் கொண்டு சுட்டப்பெறுகின்றன.

முன்னுரை

நூலடைவு, சொல்லடைவு, பாடவேறுபாட்டுப் பட்டியல் ஆகியவற்றைக் கணினியில் தொகுப்போர் ஒவ்வொரு பதிவையும் ஒற்றை வரியாக எழுதிவைப்பது உண்டு. சான்றாக,

நூல்=புறநானூறு;வேறுபெயர்=புறம்;வேறுபெயர்=புறப்பாட்டு;தொகை=எட்டுத்தொகை;பதிப்பாசிரியர்=உ.வே.சாமிநாதையர்;ஆண்டு=1894

என்னும் வரியைக் கொள்ளலாம். சமக்குறியின் இடப்புறம் நிற்பது திறவு; வலப்புறம் நிற்பது மதிப்பு. அரைப்புள்ளி ஓர் இணையை மற்றோர் இணையிலிருந்து பிரிக்கிறது. இவ்வரியை நிரல் பகுத்துக்கொண்ட பின்னரே தேடலும் ஒப்பீடும் இயலும். எனினும், பகுத்தல் என்பது குறி கண்ட இடத்தில் வெட்டுதல் மட்டுமன்று. ஒவ்வொரு வெட்டும் தரவைப் பற்றிய ஒரு முடிவு. அம்முடிவை ஆய்வாளர் எடுக்கத் தவறினால் நிரல்மொழியின் இயல்பே எடுத்துவிடுகிறது.

மேப் என்னும் தரவமைப்பு

ஈக்மாஸ்கிரிப்ட் 2015 பதிப்பில் மேப் அறிமுகமானது. அதற்கு முன்னர் இப்பணிக்கு ஆப்ஜெக்ட் என்னும் அமைப்பே பயன்பட்டது. ஆப்ஜெக்ட்டில் முழு எண்ணாக அமையும் திறவுகள் இட்ட வரிசையில் நில்லாமல் ஏறுவரிசைக்கு மாறிவிடும். ‘192=கணியன் பூங்குன்றனார்;183=ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்’ எனப் பாட்டெண்ணும் புலவர் பெயரும் கொண்ட வரியை ஆப்ஜெக்ட்டில் இட்டால் 183 முன்னும் 192 பின்னுமாக வரும். மேப் இட்ட வரிசையைக் காக்கிறது. ஆனால் அது 192 என்னும் எண்ணையும் ‘192’ என்னும் சரத்தையும் வேறுவேறு திறவுகளாகவே கருதும். பகுத்தலில் கிடைப்பது சரமே ஆதலின் தேடும்போதும் சரமாகவே தேடவேண்டும்.

வெட்டும் இடம்

‘ஸ்பிளிட்’ என்னும் செயற்கூறு, குறி வரும் இடந்தோறும் சரத்தை வெட்டுகிறது. ‘புணர்ச்சி=பொன்+குடம்=பொற்குடம்’ என்பதைச் சமக்குறியால் வெட்டினால் மூன்று துண்டுகள் கிடைக்கும். முதல் இரண்டை மட்டும் கொள்ளும் நிரலில் ‘பொற்குடம்’ மறைந்துபோகும். வரம்பு இரண்டு எனக் குறிப்பதாலும் பயனில்லை. ஜாவா மொழியில் வரம்பு குறித்தால் எஞ்சிய பகுதி கடைசித் துண்டோடு சேர்ந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டிலோ வரம்புக்கு மேற்பட்ட துண்டுகள் கைவிடப்பெறும். ஆகவே ‘இன்டெக்ஸ்ஆஃப்’ கொண்டு முதற் சமக்குறியின் இடத்தை அறிந்து, ‘ஸ்லைஸ்’ கொண்டு அதன் இருபுறத்தையும் பிரித்தெடுப்பதே தக்கது.

இங்கும் ஒரு விழிப்பு வேண்டும். சமக்குறி இல்லாத துண்டுக்கு இன்டெக்ஸ்ஆஃப் –1 என்னும் விடையைத் தரும். அவ்விடையை அப்படியே ஸ்லைஸுக்கு அளித்தால் சரத்தின் இறுதிக் குறியீடு நீங்கும். ‘புறம்’ என்னும் துண்டில் புள்ளி தனிக் குறியீடாக இறுதியில் நிற்பதால், ‘புறம’ என்னும் திறவும் ‘புறம்’ என்னும் மதிப்பும் உண்டாகும். ஆதலால் –1 வந்தால் அத்துண்டைத் தனிப் பட்டியலில் சேர்த்து, மனிதக் கண் பார்வையிடுமாறு விடவேண்டும்.

இணையமுகவரியின் வினவற்பகுதியைப் பகுக்கும் ‘யுஆர்எல்சர்ச்பராம்ஸ்’ என்னும் ஆயத்தக் கருவி முதற் சமக்குறியில் மட்டுமே வெட்டுகிறது. ஆனால் கூட்டற்குறியை அது இடைவெளியாக மாற்றும். ‘பொன்+குடம்’ என்பது ‘பொன் குடம்’ ஆகிவிடும். புணர்ச்சித் தரவுக்கு அக்கருவி பொருந்தாது.

மீளவரும் திறவுகள்

மேற்காட்டிய வரியில் ‘வேறுபெயர்’ இருமுறை வருகிறது. மேப்பில் ஒரே திறவை மீண்டும் இட்டால் பின்னது முன்னதை அழிக்கும். ‘புறம்’ போய்ப் ‘புறப்பாட்டு’ மட்டும் எஞ்சும். எனவே ஒவ்வொரு திறவுக்கும் ஓர் அணியை மதிப்பாக வைத்து, திறவு மீளவரும்போது அவ்வணியில் சேர்ப்பதே பாதுகாப்பானது. ஒரே மதிப்புடைய திறவுகளுக்கும் அணியையே பயன்படுத்தினால் பயன்கொள்ளும் நிரல் எளிமையாகும்.

ஒருங்குறியும் திறவின் ஒருமையும்

‘தொகை’ என்பதில் வரும் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒருங்குறியில் 3018 என்னும் ஒற்றைக் குறியெண்ணாலும், 3014, 3006 என்னும் இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேப்புக்கு வேறு வேறு. ஒருவர் ஒருவகையிலும் மற்றவர் பிறிதொரு வகையிலும் தட்டச்சு செய்திருப்பின், இருக்கும் தரவும் தேடலில் இல்லை என்றே தோன்றும். வெட்டுவதற்கு முன்பே ‘நார்மலைஸ்’ செயற்கூற்றால் வரி முழுவதையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும்.

ஆயினும் ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு ‘ஒளவையார்’ எனத் தட்டச்சு செய்திருந்தால் இயல்பாக்கம் அதனைத் திருத்தாது. ஒருங்குறியில் அவை சமமானவை அல்ல. எங்கும் ஒரே வகையாக மாற்றிவிடவும் இயலாது. ‘ஒளடதம்’ போன்ற பிழைவடிவத்தோடு ‘ஒளி’ என்பதும் ஒருசேர அகப்படும். இதற்குச் சொற்பட்டியலும் புலமைசார் தீர்ப்பும் தேவை. அவ்வாறே, ‘டிரிம்’ ஓரங்களிலுள்ள இடைவெளிகளை நீக்கினும் அகலமற்ற இணைப்புத்தடைக் குறியை நீக்காது. அதனைத் தனியே களையவேண்டும்.

சேமித்தல்

மேப்பை ‘ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை’ செயற்கூற்றுக்கு நேரடியாக அளித்தால் வெற்று அடைப்புக்குறிகளே கிடைக்கும். பகுத்தவை அனைத்தும் கோப்பில் இல்லாமற் போகும். மேப்பை முதலில் இணைகளின் அணியாக மாற்றிச் சேமித்தால் வரிசையும் காக்கப்பெறும்.

முடிவுரை

இயல்பாக்கம், அரைப்புள்ளியில் வெட்டல், வெற்றுத் துண்டுகளை விலக்கல், முதற் சமக்குறியில் பிரித்தல், அணியில் சேர்த்தல், இணைகளாகச் சேமித்தல் என்பது தக்க முறைவைப்பாகும். மேற்கண்ட தவறுகளுள் எதுவும் நிரலை நிறுத்துவதில்லை. குறைந்த தரவைக் கொண்டே முடிவுகள் வெளிவரும். ஆதலின் மூல வரியை அழியாமல் வைத்திருப்பதும், பகுத்தவற்றை மீண்டும் இணைத்து மூலத்தோடு ஒப்பிடுவதும் பதிப்பு நெறியில் மூலச்சுவடியோடு ஒப்புநோக்குவதற்கு இணையான கடமைகளாகும்.